நிறம் வந்த பிறகுதான் வேலை

கடுக்காய்ச் சாற்றில் வெள்ளி நைட்ரேட் கரைசலை ஊற்றினால் நிறம் மாறும். வெளிர் மஞ்சளாக இருந்தது தேன் நிறத்துக்கு வந்து, பார்த்துக்கொண்டிருக்கும்போதே அடர் பழுப்பாகும். கரைசலில் இருந்த வெள்ளி அயனிகள் அணுக்களாகி, அணுக்கள் கூடித் துகள்களாகின்றன என்பதற்கு அந்த நிறம் அடையாளம். தாவரச் சாற்றைக் கொண்டு உலோக நானோதுகள் செய்யும் வேலைக்குப் பலரும் இந்த ஒரு காட்சியில் மயங்கித்தான் வருகிறார்கள். நானும் அப்படித்தான் வந்தேன். ஆனால் நான் பிறந்தது ஆரணியில், தறியும் சாயமும் தொழிலான குடும்பத்தில். நிறம் ஏறியதும் வேலை முடிந்தது என்று எங்கள் வீட்டில் யாரும் சொல்லி நான் கேட்டதில்லை.

ஆரணி என்றால் வெளியூர்க்காரர்களுக்குப் பட்டும் அரிசியும்தான் நினைவுக்கு வரும். பட்டிலும் அவர்கள் பார்ப்பது நெய்து மடித்த புடவையை. அதற்கு முந்தைய வேலைகள் கண்ணில் படுவதில்லை. என் பெரியப்பா சாயப்பட்டறை வைத்திருந்தார். கச்சாப் பட்டை முதலில் சோப்பும் சோடாவும் கலந்த நீரில் கொதிக்கவைத்துப் பசை எடுக்க வேண்டும். செரிசின் என்ற அந்தப் பசை போனதும் நூலின் எடை ஏறக்குறையக் கால் பங்கு குறைந்துவிடும். அதன் பிறகுதான் பட்டுக்கு மினுமினுப்பு வரும், சாயமும் ஒழுங்காகப் பிடிக்கும். சிட்டங்களைக் கழியில் கோத்து, கொதிக்கும் சாயநீரில் தோய்த்து, திருப்பித் திருப்பிப் போட்டுக்கொண்டே இருப்பார்கள். நிறம் சீராக ஏறிய பிறகு பெரியப்பா நூலின் நுனியை நனைத்து வெள்ளைத் துணியில் அழுத்தித் தேய்ப்பார். ஒரு துண்டை மொட்டைமாடியில் வெயில் படக் கட்டிவைப்பார். அதே சிட்டத்தின் இன்னொரு துண்டைக் காகிதத்தில் சுற்றிப் பெட்டிக்குள் வைப்பார். சில நாள் போனதும் இரண்டையும் வாசல் வெளிச்சத்தில் அருகருகே வைத்துப் பார்ப்பார். இரண்டும் ஒன்றாக இருந்தால்தான் அந்தச் சாயம் கல்யாணப் புடவையின் பாவுக்குப் போகும்.

பெட்டிக்குள் இருந்த அந்தத் துண்டைத்தான் ஆய்வகத்தில் ஒப்பீட்டு மாதிரி என்கிறோம். வேதியியல் படிக்கப் போனபோது அந்தச் சொல்லை விளக்க எனக்கு யாரும் தேவைப்படவில்லை.

கடுக்காயும் பட்டறையில் பழகிய பொருள்தான். அதன் தோலில் துவர்ப்புச் சத்து, அதாவது டானின், நிறைய இருக்கிறது. கடுக்காய் நீரில் அன்னபேதியைக் கரைத்தால் கறுப்பு வரும். அந்தக் கறுப்பில்தான் அந்தக் காலத்தில் துணிக்குச் சாயமும் எழுத மையும் செய்தார்கள். அன்னபேதி இரும்புச் சல்பேட். ஆகவே கடுக்காயும் உலோகமும் கூடி நிறம் தருவது நம் ஊர்களுக்குப் புதிதல்ல. ஆனால் இரும்புக்கு நடப்பது வேறு, வெள்ளிக்கு நடப்பது வேறு. இரும்பு அயனியாகவே இருந்து டானினோடு பிணைந்து கறுப்பைத் தருகிறது. வெள்ளி அயனியோ டானினிடமிருந்து எலக்ட்ரானை வாங்கிக்கொண்டு உலோகமாகவே மாறிவிடுகிறது. எலக்ட்ரானை இழந்த டானின் சும்மா போவதில்லை. உருவான துகளின் மேல் படிந்து, துகளும் துகளும் ஒட்டிக்கொண்டு அடியில் தங்காதபடி காக்கிறது. மற்ற முறைகளில் இந்த இரண்டு வேலைக்கும் இரண்டு வேதிப்பொருள் வேண்டியிருக்கும். இங்கே ஒரு கைப்பிடிக் கடுக்காய்த் தோல் இரண்டையும் செய்கிறது. இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் இந்த வேலையில் எனக்குப் பெரிதாகப் படுவது இதுதான்.

அளவைச் சொல்லிவிடுகிறேன். பசை எடுத்த பட்டின் ஒற்றை இழை சுமார் 10 மைக்ரோமீட்டர் தடிமன் இருக்கும். நாங்கள் செய்யும் துகள் 20 நானோமீட்டர் என்றால், அந்த இழையின் குறுக்கே 500 துகள்களை வரிசையாக அடுக்கலாம். வெள்ளிக் கட்டி வெள்ளையாகப் பளபளக்கும். இந்த அளவுக்கு இறங்கினால் அதன் எலக்ட்ரான்கள் ஒளியோடு சேர்ந்து அசைந்து 400 முதல் 450 நானோமீட்டர் வரையிலான நீல ஒளியை விழுங்குகின்றன. மிச்சம் கண்ணுக்கு மஞ்சளாகவும் பழுப்பாகவும் தெரிகிறது. தங்கத் துகள் சிவக்கும். அந்தச் சிவப்புக்குக் காரணம் தங்கம் மிக நுண்ணிய துகளாகப் பிரிந்திருப்பதுதான் என்று மைக்கேல் பாரடே 1857-இலேயே லண்டனில் எடுத்துச் சொல்லிவிட்டார்.

தாவரத்தை வைத்து இதைச் செய்வது இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் சூடுபிடித்தது. அமெரிக்காவில் டெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் எல் பாசோ வளாகத்தில் கார்டியா டொரெஸ்டே குழுவினர் உயிருள்ள குதிரைமசால் செடிக்குள் தங்கத் துகள்கள் உருவாவதை 2002-இல் காட்டினார்கள். புனே தேசிய வேதியியல் ஆய்வகத்தில் முரளி சாஸ்திரியின் குழு 2004-இல் வேப்பிலைச் சாற்றில் தங்கத்தையும் வெள்ளியையும் செய்தது. அதே ஆண்டில் எலுமிச்சைப்புல் சாற்றில் முக்கோண வடிவத் தங்கத் துகள்களைச் செய்து ‘நேச்சர் மெட்டீரியல்ஸ்’ இதழில் வெளியிட்டது. செடியை வளர்த்து அதற்குள் செய்ய வேண்டியதில்லை, சாறே போதும் என்பது அதன் பிறகு எல்லோருக்கும் பிடிபட்டுவிட்டது.

எங்கள் பக்கத்துக்கு அது வந்த வழி எனக்கு மிகவும் பிடித்தமானது. ஆரணியிலிருந்து வடக்கே, ஆற்காட்டைத் தாண்டினால் மேல்விஷாரம். அங்குள்ள சி. அப்துல் ஹக்கீம் கல்லூரியின் விலங்கியல் துறையில் அப்துல் ரகுமானும் அவருடைய மாணவர்களும் தாமரை இலைச் சாற்றில் வெள்ளித் துகள் செய்து, மலேரியாவையும் யானைக்காலையும் பரப்பும் கொசுக்களின் புழுக்கள் மீது சோதித்து 2011-இல் வெளியிட்டார்கள். கரிசலாங்கண்ணியிலும் தொட்டாற்சிணுங்கியிலும் செய்தார்கள். தோல் தொழிற்சாலைகளும் பாலாறும் இருக்கும் ஒரு சிறிய ஊரின் கல்லூரியில், கொசுவை ஒழிக்க என்ன செய்யலாம் என்று தேடிக்கொண்டிருந்தவர்கள் நானோதுகளுக்கு வந்து சேர்ந்திருக்கிறார்கள். சூடாக்க ஒரு தட்டு, வடிதாள், கொஞ்சம் வெள்ளி நைட்ரேட், வேலியோரம் கிடைக்கும் இலை. இவ்வளவு போதும் என்பதால்தான் தமிழ்நாட்டின் சின்னச் சின்னக் கல்லூரிகளில்கூட இந்த வேலை பரவியது. அதை ஏளனமாகப் பேசுகிறவர்களை ஆய்வரங்குகளில் பார்த்திருக்கிறேன். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. கிராமத்திலிருந்து முதல் தலைமுறையாகக் கல்லூரிக்கு வரும் பிள்ளை தன் கையால் ஒரு பொருளைச் செய்து, அளந்து, பெயர் வைக்கும் வாய்ப்பை இந்தத் துறை தந்திருக்கிறது. அதனாலேயே இங்கே அளவீட்டில் சலுகை கூடாது என்றும் நினைக்கிறேன்.

கடுக்காயை எனக்குக் காட்டியது காந்திகிராமம். அங்குள்ள கிராமியப் பல்கலைக்கழகத்தில் எடிசனும் சேதுராமனும் கடுக்காய்ச் சாற்றில் வெள்ளித் துகள்கள் உடனடியாக உருவாவதை 2012-இல் எழுதினார்கள். படித்த அன்றே ஆரணி கடைத்தெருவில் நாட்டுமருந்துக் கடைக்குப் போய்க் கடுக்காய் வாங்கினேன்.

செய்முறை இதுதான். கொட்டையை நீக்கிவிட வேண்டும். கடுக்காய்க்கு அகநஞ்சு என்று மருந்துக்குச் சொல்வது எங்களுக்கும் பொருந்துகிறது, சத்து தோலில்தான் இருக்கிறது. தோலை இடித்து 5 கிராம் எடுத்து, 100 மில்லி வாலைநீரில் கால் மணி நேரம் சூடாக்கி, ஆறவிட்டு வடிக்கிறோம். வெள்ளி நைட்ரேட் ஒரு மில்லிமோலார் செறிவில் இருந்தால் போதும். ஒரு லிட்டருக்கு 0.17 கிராம்தான். தொண்ணூறு மில்லி வெள்ளிக் கரைசலுக்குப் பத்து மில்லி சாறு. கையுறை போட மறந்தால் விரலில் கறுப்புப் புள்ளி விழும், தோல் உரியும்வரை போகாது. காரத்தன்மையைக் கொஞ்சம் கூட்டினால் டானின் எலக்ட்ரானை இன்னும் விரைவாகக் கொடுக்கும், துகளும் பொதுவாகச் சிறிதாகும். அமிலப் பக்கம் போனால் வினை மந்தமாகும். வெயிலில் வைத்தால் வேகமாகும்.

பக்கத்தில் இன்னும் இரண்டு குடுவை கட்டாயம் வேண்டும். ஒன்றில் சாறும் வெறும் வாலைநீரும். மற்றொன்றில் வெள்ளி நைட்ரேட் மட்டும். கடுக்காய்ச் சாறு காற்றுப் பட்டாலே பழுக்கும். மறுநாள் காலை வந்து பார்த்தால், வெள்ளியே இல்லாத குடுவையும் பழுப்பாக நிற்கும். அதைப் பக்கத்தில் வைத்துப் பார்க்காதவர்கள் பழுத்த சாற்றை வெள்ளித் துகள் என்று நினைத்துவிடுவார்கள். நிறமாலைமானியில் வைத்தால் குட்டு வெளிப்படும். வெள்ளித் துகள் இருந்தால் 420-ஐ ஒட்டி ஒரு மேடு எழும்பும். பழுத்த சாற்றுக்கு மேடு கிடையாது, ஒரே சரிவுதான்.

அடுத்தது தண்ணீர். ஆரணியில் சாயக்காரர்கள் தண்ணீரைப் பற்றிப் பேசாத நாள் இல்லை. கமண்டல நாகநதியில் தண்ணீர் ஓடுவது மழைக்காலத்தில்தான். மற்ற நாளெல்லாம் ஆழ்துளைக் கிணறு. கடின நீரில் சோப்பு திரியும், பட்டு மங்கும். எந்தத் தெருத் தண்ணீரில் எந்த நிறம் எடுபடும் என்பது பெரியப்பாவுக்கு மனப்பாடம். வெள்ளி வேலையில் இது இன்னும் கறார். உப்புத் தண்ணீரின் குளோரைடு வெள்ளி அயனியைக் கண்டதும் பிடித்துக்கொண்டு, வெள்ளிக் குளோரைடாக வெண்மையாய்க் கலங்கும். அதனால் வாலைநீர். கழுவும் குடுவைக்கும் கடைசி அலசல் வாலைநீரில்தான்.

வாலைநீர் எடுத்தாலும் குளோரைடு இன்னொரு வழியில் வரும். இலைக்குள்ளேயே இருக்கும். செடி வளர்ந்த மண்ணிலிருந்து உப்பை எடுத்து வைத்திருக்கும். எக்ஸ் கதிர் விளிம்பு விளைவில் உலோக வெள்ளிக்கு 38, 44, 64, 77 பாகைகளை ஒட்டிக் கோடுகள் வர வேண்டும். வெளிவந்த பல கட்டுரைகளில் 28, 32, 46 பாகைகளை ஒட்டி வேறு மூன்று கோடுகளும் நிற்கும். சாற்றின் கரிமப் பொருள் படிகமானதால் வந்தவை என்று கீழே எழுதியிருப்பார்கள். அந்த மூன்றும் வெள்ளிக் குளோரைடின் கோடுகள். செய்தது வெள்ளி என்று நம்பி, பாதிக்குப் பாதி வேறொரு பொருளை வைத்துக்கொண்டு, அதைக் கிருமி மீதும் கொசுப்புழு மீதும் சோதித்து முடிவு எழுதினால் அந்த முடிவு எதைப் பற்றியது? மாணவர்கள் வரைபடத்தைக் கொண்டுவரும்போது நான் முதலில் விரல் வைப்பது 32-ஆம் பாகையில்தான்.

குளோரைடு எப்போதும் எதிரி என்று சொல்ல முடியாது. ஆரணித் தெருக்களில் பழைய பட்டுப்புடவை வாங்க வருவார்கள். அவர்கள் வாங்குவது ஜரிகைக்காக. நல்ல ஜரிகை என்பது பட்டு நூலின் மேல் தட்டையாக்கிய வெள்ளிக் கம்பியைச் சுற்றி, தங்க முலாம் பூசியது. வெள்ளியோடு செம்பும் கலந்திருக்கும். வெள்ளி எங்கிருந்து வருகிறது என்று பிள்ளைகள் தெரிந்துகொள்ளட்டும் என்று ஒரு வியாபாரியிடம் எரித்த ஜரிகையைக் கொஞ்சம் வாங்கிவந்து ஆய்வகத்தில் செய்து காட்டினேன். புகைப்போக்கிக்குள் வைத்து நைட்ரிக் அமிலம் விட்டதும் செம்பழுப்புப் புகை எழுந்தது. கரைசல் நீலப்பச்சையானது. அது செம்பு. அடியில் கரையாமல் பழுப்புச் செதில்கள் கிடந்தன. அவை தங்கம். வடித்த கரைசலில் உப்பு நீரை விட்டதும் தயிர் திரிந்ததுபோல வெள்ளைத் திப்பி திரண்டு கீழே இறங்கியது. செம்பு மேலே நீலமாகவே நின்றது. வெள்ளைத் திப்பியைக் கழுவி ஜன்னலோரம் வைத்தபோது ஊதா படரத் தொடங்கியது. ஒளி பட்டு வெள்ளி பிரிகிறது. நாங்கள் தினமும் தவிர்க்கப் பாடுபடும் கலங்கல், இங்கே செம்பையும் வெள்ளியையும் பிரிக்கும் வழியாக இருந்தது. தறிக்காரர் வீட்டுப் பிள்ளை ஒருத்தி அந்தத் தங்கச் செதில்களை உருப்பெருக்கியில் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு புடவையின் விலையில் இவ்வளவு பங்கு இவ்வளவு சிறிய பொருளில் இருக்கிறது என்பதை அவளுக்கு நான் விளக்க வேண்டியிருக்கவில்லை.

பட்டிலேயே துகளை ஏற்றிப் பார்க்கும் ஆசை எனக்கு ஆரம்பத்திலிருந்தே இருந்தது. பட்டின் புரதத்தில் டைரோசின் என்ற அமினோ அமிலம் நூற்றுக்கு ஐந்து அளவில் இருக்கிறது. கடுக்காய் டானினில் உள்ள பீனால் அமைப்பு அதிலும் உண்டு. அதனால் பட்டு தானாகவே வெள்ளி அயனிக்கு எலக்ட்ரான் தர வல்லது. பசை எடுத்த சிட்டத்தை வெள்ளி நைட்ரேட்டில் ஊறவைத்து, பிறகு கடுக்காய்ச் சாற்றில் போட்டுச் சூடாக்கினேன். சாயமே இல்லாமல் நூல் பொன்பழுப்பானது. பெரியப்பாவிடம் எடுத்துப் போனேன். பட்டறையை அப்போது மூடிவிட்டிருந்தார். ஆனாலும் நூலைக் கையில் வாங்கியதும் விரலில் சுற்றி, இழுத்து, காதோரம் வைத்துக் கசக்கிப் பார்த்தார்.

“நெறம் ஏறிடுச்சி பாப்பா. வெயில் பாத்துச்சா?”

“இன்னும் இல்ல பெரியப்பா.”

“சோப்புத் தண்ணி?”

“இல்ல.”

“அப்புறம் என்னாத்த காட்ட வந்த? கட்டு மேல. பாதிய பொட்டில போடு.”

மொட்டைமாடியில் கட்டிய பாதி வெளுக்கவில்லை. நாளாக ஆகக் கறுத்தது. நூலுக்குள் அயனியாகவே தங்கிவிட்ட வெள்ளி வெயிலில் உலோகமாகிக்கொண்டிருந்தது. சாயத்தில் வெயில் என்றால் பெரியப்பா வெளுப்பதைத்தான் பார்த்திருக்கிறார். கறுப்பது அவருக்கும் புதிது. “அப்பன்னா மிச்சம் உள்ள நிக்குது. அத்த மொதல்ல வெளிய எடு” என்றார். வேதியியலும் அதையேதான் சொல்கிறது. அதிலிருந்து சிட்டத்தை வாலைநீரில் அலசி அலசி, ஒவ்வொரு அலசல் நீரிலும் ஒரு சொட்டு உப்பு நீர் விட்டுப் பார்க்கிறோம். வெண்மை கலங்கினால் இன்னும் அயனி வருகிறது. கலங்காமல் தெளிவாக நின்ற பிறகுதான் நூலை உலர்த்துவது. இப்படி அலசிய நூல் வெயிலில் நிறம் மாறுவது கண்கூடாகக் குறைந்தது.

வெள்ளி ஏற்றிய பட்டில் பூஞ்சை பிடிக்காது, பீரோவில் பத்திரமாக இருக்கும் என்று விளம்பரம் எழுதிவிடலாம். நான் அதற்கு அவசரப்படுவதில்லை. துணியில் ஏற்றிய வெள்ளி துவைக்கும்போது நீரில் இறங்குகிறது. அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகத்தின் ட்ராய் பென்னும் பால் வெஸ்டர்ஹாஃபும் கடையில் விற்கும் வெள்ளித் துகள் காலுறைகளை நீரில் அலசி, எவ்வளவு வெள்ளி வெளியேறுகிறது என்று 2008-இல் அளந்து காட்டினார்கள். சில காலுறைகளிலிருந்து ஏறக்குறைய எல்லாமே போய்விட்டது. வெள்ளி அயனி மீனுக்கும் நீர்ப்பாசிக்கும் நஞ்சு. இலைச் சாற்றில் செய்ததாலேயே அது நஞ்சற்றதாகிவிடாது. பசுமை முறை என்று நாங்கள் பெயர் வைத்திருப்பது செய்யும் வழிக்கு. செய்து முடித்த பொருளுக்கு அந்தப் பெயரைக் கொடுக்கும் உரிமை எங்களுக்கு இல்லை.

சாயக்கழிவு பற்றியும் இதையே சொல்ல வேண்டும். சாயத் தொழில் உள்ள ஊர்க்காரர்கள் இதைக் கேட்டுத்தான் ஆக வேண்டும். வெள்ளித் துகள்கள் மெத்திலீன் நீலச் சாயத்தின் நிறத்தைப் போக்கும் வினையை வேகப்படுத்தும். கடுக்காய்த் துகள்களைக் கொண்டு காந்திகிராமத்தில் செய்தது அந்தச் சோதனைதான், வினையூக்கத்தைக் காட்ட அது நல்ல சோதனை. நீலம் வடிந்து தண்ணீர் தெளிவதைப் பார்க்க மனம் நிறையும். ஆனால் ஒடுக்க வினையில் அந்தச் சாயம் அழிவதில்லை, நிறமில்லாத வடிவத்துக்குப் போகிறது, அவ்வளவுதான். தெளிந்த நீரைக் காற்றுப்படக் குலுக்கினால் நீலம் திரும்ப வரும். இதைச் செய்து காட்டிய பிறகு எங்கள் மாணவர்கள் யாரும் சாயக்கழிவைச் சுத்திகரித்தோம் என்று எழுதியதில்லை. நிறம் இறங்கியது என்று எழுதுகிறார்கள். கரிமப் பொருள் எவ்வளவு மிஞ்சியிருக்கிறது என்று அளந்தால்தான் அடுத்த வார்த்தை.

அளப்பதற்குத்தான் எங்களிடம் எப்போதும் தட்டுப்பாடு. துகளைக் கண்ணால் பார்க்க ஊடுருவு எலக்ட்ரான் நுண்ணோக்கி வேண்டும். அதற்கு வேலூருக்கோ சென்னைக்கோ மாதிரியை அனுப்ப வேண்டும், கட்டணம் கட்ட வேண்டும், முறை வரும்வரை காத்திருக்க வேண்டும். முப்பது துகளை எண்ணிச் சராசரி சொல்லும் கட்டுரைகள் வருவதற்கு இந்தக் காத்திருப்பும் ஒரு காரணம். நான் மாணவர்களிடம் சொல்வது, ஒரு புலத்தில் அழகாகத் தெரியும் துகளை மட்டும் எடுக்காதே, மாதிரி வைத்த சல்லடையின் நாலு மூலையிலும் படம் கேள், சில நூறு துகளாவது எண்ணு என்பதுதான். ஒளிச்சிதறல் முறையில் அளந்தால் துகள் எப்போதும் பெரிதாகவே தெரியும். மேலே போர்த்திய டானினையும் நீர்ப்படலத்தையும் சேர்த்து அளக்கிறது. இரண்டு எண்ணும் பொருந்தவில்லை என்று பதறி ஒன்றை மறைக்க வேண்டியதில்லை. இரண்டையும் எழுதி, ஏன் என்றும் எழுத வேண்டும்.

இப்போது எங்கள் கவனம் முழுக்கக் கடுக்காயின் மேல்தான். வெள்ளி நைட்ரேட் புட்டியின் மேல் தூய்மை விழுக்காடு அச்சிட்டிருக்கும். கடுக்காய் மூட்டையின் மேல் ஒன்றும் இருக்காது. பிஞ்சா முற்றியதா, எந்த மாதம் பறித்தது, எத்தனை மழைக்காலம் கிடங்கில் கிடந்தது என்று தெரியாமல் வாங்கினால், போன மாதம் வந்த துகள் இந்த மாதம் வராது. பலர் எழுதிய செய்முறைகள் இன்னொருவர் கையில் சரிவராமல் போவதற்கு முக்கியக் காரணம் இது என்று நான் நம்புகிறேன். அதனால் ஜவ்வாது மலையில் கடுக்காய் பொறுக்குகிறவர்களிடம் நேரடியாகப் பேசி, மரத்தை அடையாளம் வைத்து, தை முதல் பங்குனி வரை மாதத்துக்கு ஒரு பை வாங்கத் தொடங்கியிருக்கிறோம். ஒவ்வொரு பையிலும் பீனால் எவ்வளவு, குளோரைடு எவ்வளவு என்று முதலில் பார்த்து, எண்ணைப் பையின் மேல் எழுதிய பிறகே சாறு எடுக்கிறோம். பிஞ்சுக் கடுக்காயில் வினை வேகம், முற்றியதில் துகள் கொஞ்சம் சீர் என்று இதுவரை தெரிகிறது. அடுத்த பருவத்துக் காயிலும் இப்படியே வந்தால்தான் வெளியில் எழுதுவோம். அலசல் நீரையெல்லாம் பழுப்புப் புட்டியில் சேர்த்து, உப்பு விட்டு, வெள்ளியை இறக்கி, திரும்ப நைட்ரேட்டாக்கிக்கொள்கிறோம். சாக்கடையில் எதுவும் ஊற்றுவதில்லை.

பெரியப்பாவின் பெட்டியில் வைத்த சிட்டத்தில் பாதி இன்னும் அங்கேதான் இருக்கிறது. அடுத்த பங்குனிக்குள் எடுக்கக் கூடாது என்று சொல்லியிருக்கிறார்.